ஐந்தாவது கட்டுரை

ஜனவரி 13, திங்கள்

லெம்பி ஒருவழியாகத் தூங்கிவிட்டாள். ஆர்விட் விடியுமுன் எழுந்து பனி ஒதுக்கும் வண்டியை எடுக்கப் போக வேண்டும், அதனால் அவனும் தூங்கிவிட்டான். விழித்திருப்பது நானும் கணப்பும்தான்.

குழந்தைக்குப் பதினாலு மாதம் ஆகிறது, இன்னும் "பா" மட்டும்தான். அப்பாவுக்கும் பா, பூனைக்கும் பா, வெண்ணெய்க்கும் பா. எனக்கு? எனக்கு எதுவும் இல்லை. என்னைப் பார்த்தால் கையை நீட்டுகிறாள், அவ்வளவுதான். கை நீட்டுவதும் பேச்சுதானே என்கிறான் ஆர்விட். அவனுக்கு எல்லாமே சரிதான்.

பள்ளியில் நல்ல நாள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆய்வுக் கட்டுரைகளை வரலாற்று ஆசிரியர் ட்ரூடெலிடம் கொடுத்து முடித்துவிட்டார்கள். அந்த வகுப்பை நவம்பரில் மூன்று தடவை நூலகத்துக்கு வரவழைத்து, மாநிலம் நமக்காகப் பணம் கட்டித் திறந்து வைத்திருக்கும் இதழ்க் கட்டுரைத் தரவுத்தளங்களைக் காட்டியிருந்தேன். எப்படித் தேடுவது, எப்படிச் சுருக்குவது, யார் எழுதினார்கள் என்று எங்கே பார்ப்பது. பாதிப் பேர் ஜன்னல் வழியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் கட்டுரைகள் வந்துவிட்டனவே.

டெலானி கோஸ்கி சொல்லிவிட்டுப் போவதற்கென்றே வந்தாள். துறைமுகத்தில் மீன் கடை வைத்திருக்கும் வெர்ன் கோஸ்கியின் மகள். பள்ளி விட்டதும் நேரே கடைக்குப் போய்க் கத்தியும் கையுமாக நிற்பாள். எப்போதும் காதில் ஏதாவது மாட்டியிருக்கும், பாட்டாக இருக்கும்.

"மிஸ், குடுத்துட்டேன்."

"எப்படி வந்திருக்கு?"

"லேசா மீன் நாத்தம் அடிக்கும். கை கழுவாம டைப் பண்ணது."

நம் ஏரிக்குள் லாம்ப்ரே வந்த பிறகு மீனவக் குடும்பங்களுக்கு என்ன ஆனது என்பதுதான் அவள் எடுத்த விஷயம். மற்ற மீன்களின் மேல் வாயை ஒட்டவைத்து ரத்தத்தை உறிஞ்சுமே, அதுதான். அவள் கொள்ளுத்தாத்தா படகை விற்றதே அதனால்தானாம்.

ஜனவரி 15, புதன்

லெம்பிக்கு மூக்கடைப்பு. வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத நாளுக்கு நன்றி.

ஜனவரி 16, வியாழன்

நேற்று எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மதிய இடைவேளையில் ட்ரூடெல் டெலானியின் கட்டுரையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"சிக்னி, இதைப் பாரும்மா. அந்தக் கோஸ்கி பொண்ணு என்னை முட்டாள்னு முடிவே கட்டிட்டா."

"ஏன், என்னாச்சு?"

"அஞ்சு கட்டுரையை ஆதாரமாக் காட்டியிருக்கா. அஞ்சு லிங்க்கும் செத்த லிங்க். தலைப்பைப் போட்டு நெட்ல தேடினேன், ஒண்ணுகூட இல்ல. எல்லாம் ஏஐ கிட்ட கேட்டு வாங்கின கதை."

"நெட்ல இல்லேன்னா உலகத்துலயே இல்லைன்னு ஆயிடுமா, க்ளெம்?"

"பின்ன வேற எங்க இருக்கும்?"

நூலகத்தின் நடுவில் நின்றுகொண்டு கேட்கிறார்! சிரிக்கத்தான் தோன்றியது. ஆனால் சிரிக்கிற விஷயமில்லை. இல்லாத ஆதாரத்தை இருப்பதாகக் காட்டினால் பூஜ்யம் என்பது பள்ளி விதி. இந்தக் கட்டுரைக்குப் பூஜ்யம் விழுந்தால் பாடமே போயிற்று. பாடம் போனால் ஜூனில் பட்டமளிப்பு மேடையில் அவள் ஏற முடியாது, இலையுதிர் காலத்தில் வெல்டிங் கல்லூரியிலும் இடம் இல்லை.

"ஒரு வாரம் குடுங்க. நான் தேடிப் பாக்குறேன்."

"அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும். அதுக்கு மேல பிரின்சிபால் பாடு."

அவர் கெட்டவர் இல்லை. போன வருடம் இரண்டு பேர் இப்படித்தான் கதைகட்டி அவரை ஏமாற்றினார்கள். அதிலிருந்து எங்கும் அதையே பார்க்கிறார்.

ஜனவரி 17, வெள்ளி

நாலு கிடைத்துவிட்டது! நாலும் நம் தரவுத்தளத்திலேயே பத்திரமாக இருக்கின்றன. லிங்க் செத்ததற்குக் காரணமும் பழைய காரணம்தான். திரையின் மேலே முகவரிப் பட்டையில் தெரிவது அன்றைக்கு மட்டுமான நுழைவுச்சீட்டு மாதிரி. உலாவியின் ஜன்னலை மூடினால் அதுவும் செல்லாது. நிரந்தர லிங்க்குக்குத் தனியாக ஒரு பட்டன் இருக்கிறது. மூன்று வகுப்பிலும் தொண்டை வறளச் சொன்னேன். யார் கேட்டார்கள்?

தலைப்பைப் போட்டு நெட்டில் தேடினால் வராமல் போனதற்கும் காரணம் இருக்கிறது. அந்த இதழ்கள் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பவை. அதற்காகத்தானே தரவுத்தளமே.

ஆனால் ஐந்தாவது? ஐந்தாவதைக் காணவில்லை.

அவள் கட்டுரையின் மூன்றாம் பகுதி முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. மீன் அற்றுப்போன பிறகு வலை பின்னிய பெண்கள் வேறு என்ன செய்து பிழைத்தார்கள் என்ற பகுதி. கட்டுரையிலேயே நல்ல பகுதியும் அதுதான். ஏரிக் கரை வரலாற்றுக் காலாண்டிதழ் ஒன்றில் வந்ததாகப் போட்டிருக்கிறாள். அந்த இதழே பட்டியலில் இல்லை. தரவுத்தள நிறுவனத்துக்குப் போன் செய்தேன். புது வருடத்தோடு அந்த இதழுடனான ஒப்பந்தம் முடிந்து எடுத்துவிட்டார்களாம். எடுத்த இதழில் எந்தக் கட்டுரை இருந்தது என்று அவர்களால் சொல்ல முடியாதாம். இதழை நடத்தும் சங்கமோ குளிர்காலத்துக்கு அடைத்துக் கிடக்கிறது. பல்கலைக்கழக நூலகத்தில் அச்சுப் பிரதி இருக்கலாம் என்று எழுதிக் கேட்டேன். பருவத் தொடக்கம் என்பதால் தாமதமாகும் என்று தானாகவே ஒரு பதில் வந்தது.

கடைசி மணி அடிக்கும்முன் டெலானியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"இந்த அஞ்சாவதைப் படிச்சியா?"

"அதுல இருக்கிறதெல்லாம் எனக்குத் தெரியும் மிஸ்."

"படிச்சியான்னு கேட்டேன்."

முகம் கழுத்து வரை சிவந்துவிட்டது. "அது இருந்துச்சு மிஸ். நிஜமா இருந்துச்சு."

இருந்தது என்கிறாள். படித்தேன் என்று சொல்லவில்லை. ஏன்? அதுதான் உறுத்துகிறது. நான்கு உண்மை என்றால் ஐந்தாவதை மட்டும் கட்டியிருப்பாளா? நாலைத் தேடிக் களைத்துப்போய் ஐந்தாவதற்கு… சே. நானும் ட்ரூடெல் மாதிரி ஆகிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 19, ஞாயிறு

சானா நீராவிக் குளியல் முடித்து, இறைச்சியும் கிழங்கும் பொதிந்து சுட்ட பாஸ்டியைச் சூடாகச் சாப்பிட்டோம். லெம்பி என் தட்டிலிருந்த டர்னிப் கிழங்கையெல்லாம் பொறுக்கித் தின்றாள். நல்ல ஞாயிறு.

நான் அதைக் கெடுக்கப் பார்த்தேன். பதினாலு மாதக் குழந்தை எத்தனை சொல் பேச வேண்டும் என்று போனில் தேடியதை ஆர்விடிடம் காட்டினேன். குறைந்தது மூன்று சொல்லாம், இல்லாவிட்டால் மருத்துவரைப் பார்க்கணுமாம்.

"யாரு எழுதினது இது?" என்றான்.

"இங்க போட்டிருக்கே."

"பிள்ளைங்களுக்கு நீ என்ன சொல்லிக் குடுக்கிற? யாரு எழுதினா, எப்ப எழுதினா, எதை விக்கிறதுக்கு எழுதினான்னு பாருங்கன்னுதானே? பாரு."

கீழே இறக்கிப் பார்த்தேன். பால்பொடிக் கம்பெனி.

ஆர்விட் பாஸ்டியை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தான், புரை ஏறிவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. (ஆனாலும் நாளை மறுநாள் மருத்துவரைக் கூப்பிட்டுக் கேட்பேன். காது ஒரு தடவை பார்த்துவிட்டால் நிம்மதி.)

டெலானியைப் பற்றி அவனிடம் கேட்டேன். பொய் சொல்லுவாளா?

"கோஸ்கி வீட்டுலயா? நேத்து பிடிச்ச மீனை இன்னைக்குப் பிடிச்சதுன்னுகூடச் சொல்லத் தெரியாத ஆளுங்க. அதான் இன்னும் பழைய வண்டியே ஓட்டுறாங்க."

ஜனவரி 21, செவ்வாய்

எழுத நிறைய இருக்கிறது.

லெம்பியைப் பார்த்துக்கொள்ளும் ஐலீனுக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் குழந்தையை நூலகத்துக்கே தூக்கிக்கொண்டு போனேன். முதல் வகுப்பு முடிவதற்குள் ஊரையே கூட்டுகிற அழுகை. ஒரு கையில் குழந்தை, மறு கையில் கணினிச் சுட்டி. டெலானி ஆதாரமாகக் காட்டிய கட்டுரைகளில் இரண்டாவதைத் திரையில் திறந்து வைத்து, அவள் எழுதியதோடு ஒத்துப்பார்த்துக்கொண்டிருந்தேன். படிக்க முடியவில்லை. சரி, காதாலாவது கேட்போம் என்று 'கேள்' பட்டனை அழுத்தினேன். அது கட்டுரையை உரக்க வாசிக்கும். ஏற்ற இறக்கம் இல்லாத ஒரு ஆண் குரல், மூச்சே விடாமல்.

லெம்பி அழுகையை நிறுத்திவிட்டாள். நானே நம்பவில்லை. வாயைத் திறந்தபடி குரல் வந்த பக்கமே பார்த்தாள். லாம்ப்ரே வந்த கால்வாயின் ஆழம், ட்ரவுட் மீன்பிடிப்பின் வீழ்ச்சி, எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு என் தோளில் தலையைச் சாய்த்தாள்.

ஓய்வு வகுப்பு என்று டெலானியும் அங்கே புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். குழந்தையைப் பார்ப்பாள் என்று திரும்பினேன். அவள் குழந்தையைப் பார்க்கவில்லை. அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. குரல் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்கு முன் அவளே அதை முடித்தாள், "…அதன் பின் படகுகள் கரையேறின" என்று. ஒரு நொடி கழித்து இயந்திரமும் அதையே சொன்னது.

நிறுத்தினேன். "டெலானி, இதை எத்தனை தடவை கேட்டிருக்க?"

புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"காதுல மாட்டியிருக்கிறது பாட்டு இல்லையா?"

"பாட்டும் கேப்பேன் மிஸ்." அப்புறம் மெல்ல: "எழுத்து எனக்கு நகரும். சின்ன கிளாஸ்ல இருந்தே. நான் ஒரு பக்கம் முடிக்கிறதுக்குள்ள மத்தவங்க புத்தகத்தையே மூடிருவாங்க. நவம்பர்ல நீங்க அந்தப் பட்டனைக் காட்டினீங்கல்ல."

காட்டினேனா? ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருப்பேன், அதுவும் மணி அடிக்கும்போது.

"கடையில கை ரெண்டும் மீன்ல இருக்கும். காது சும்மாத்தான இருக்கு."

"அப்ப அஞ்சாவது?"

பையிலிருந்து போனை எடுத்தாள். உறையில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. நவம்பரிலேயே ஒலியாக இறக்கி வைத்திருக்கிறாள். அழுத்தினாள். அதே மூச்சுவிடாத குரல் இதழின் பெயர், எழுதியவர், வருடம், தலைப்பு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னது. தூங்கும் குழந்தையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இதை ட்ரூடெல் சாருக்குப் போட்டுக் காட்டிடலாம். இப்பவே."

"வேணாம் மிஸ்."

"ஏன்டீ?"

"செப்டம்பர்ல முதல் நாளே சொன்னாரு, கேக்குறது படிக்கிறது ஆகாது, என் வகுப்புல உக்காந்து படிக்கணும்னு. கதை கட்டினவள்னு பூஜ்யம் வாங்கினா ஒரு நாள் பேச்சு. படிக்கத் தெரியாதவள்னு பேரு வாங்கினா இந்த ஊர்ல அது சாகுற வரைக்கும்."

பூஜ்யமே மேல் என்று முடிவு செய்துவிட்டிருக்கிறாள். பதினேழு வயதில்.

ஜனவரி 22, புதன்

என் கையில் ஆதாரம் இருக்கிறது, சொல்ல முடியவில்லை. யார் எதைப் படித்தார்கள் என்று நூலகர் வெளியே சொல்லக் கூடாது. நூலகப் படிப்பின் முதல் வாரமே சொல்லித்தந்தார்கள். எப்படிப் படித்தார்கள் என்பதும் அதற்குள் வரும் என்றுதான் நினைக்கிறேன். வராவிட்டாலும் அவள் வேண்டாம் என்றாளே.

ஆனால் லிங்க்கைப் பற்றி நான் பேசலாம். பேசினேன். ட்ரூடெல் மேசையிலிருந்த மற்றக் கட்டுரைகளை எடுத்து, "இதுல ஒண்ணைச் சொடுக்குங்க, க்ளெம்" என்றேன். செத்த லிங்க். அடுத்தது. அதுவும். பூனைகளைப் பற்றி எழுதிய பையனுடையதும், சுரங்க வேலைநிறுத்தம் பற்றி எழுதிய கெட்டிக்காரப் பெண்ணுடையதும்.

"எல்லாமேவா?"

"எல்லாமே. முகவரிப் பட்டையில இருந்து எடுத்தா அப்படித்தான். டெலானி காட்டினதுல நாலை நான் கண்டுபிடிச்சு அச்சடிச்சிட்டேன், இந்தாங்க. ஒண்ணு கேக்கலாமா? அவளோடதை மட்டும் ஏன் சொடுக்கிப் பாத்தீங்க?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு, அதான்…"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம்.

"சரி, நாலு இருக்கு. அஞ்சாவது?"

"அதை அவதான் சொல்லணும்."

பிற்பகல் டெலானியிடம் இதை அப்படியே சொன்னேன். மீதி உன் கையில், நான் வாயைத் திறக்கமாட்டேன் என்றும் சொன்னேன். தலையாட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று தெரியவில்லை.

ஜனவரி 23, வியாழன்

பனிப்புயல், பள்ளி இல்லை. லெம்பியை மதியம் தூங்கவைக்க மறுபடியும் லாம்ப்ரே கட்டுரையைப் போட்டேன். நான் கதைப் புத்தகம் வாசித்தால் பிடுங்கிக் கடிக்கிறாள், அந்தக் குரல்காரன் வாசித்தால் தூங்குகிறாள். இயந்திரக் குரல் கேட்டால் பேச்சு இன்னும் தள்ளிப்போகுமா? தேடவில்லை. தேடமாட்டேன். காது நன்றாகவே இருக்கிறது, பொறுத்திருங்கள் என்று நேற்று மாலை காட்டியபோது மருத்துவர் சொல்லிவிட்டார்.

ஜனவரி 24, வெள்ளி

நூலகத்திலேயே உட்கார்ந்தோம். பிரின்சிபால், ட்ரூடெல், நான், டெலானி. வெர்ன் கோஸ்கி ரப்பர் பூட்ஸோடு நேரே படகுத்துறையிலிருந்து வந்திருந்தார். பூட்ஸிலிருந்து உருகிய பனி கம்பளத்தில் குளமாகத் தேங்கியது.

ட்ரூடெல் நிதானமாகத்தான் ஆரம்பித்தார். "அந்த வலை பின்னின பெண்களைப் பத்திச் சொல்லு. பேப்பரைப் பாக்காம சொல்லு."

சொன்னாள். எந்தத் துறைமுகத்தில் யார் வீட்டு முன்னறை மீன் பொதியும் இடமாக மாறியது, எந்தக் குடும்பத்தில் அக்கா தங்கை இருவரும் மிட்டாய்க் கடை வைத்தார்கள், அதை எழுதியவர் எந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை என்று கடைசியில் ஒத்துக்கொண்டார். எல்லாவற்றையும். ட்ரூடெல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இவ்வளவு தெரிஞ்சவளுக்கு, படிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்ல என்னம்மா தயக்கம்?"

நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைப் பார்த்தால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும்.

"ஏன்னா நான் படிக்கல, சார். கேட்டேன்."

போனை மேசை நடுவில் வைத்து அழுத்தினாள். குரல் ஆரம்பித்தது. இதழின் பெயர், எழுதியவர், வருடம், தலைப்பு, பிறகு முதல் பத்தி, இரண்டாம் பத்தி. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

வெர்ன்தான் முதலில் பேசினார். "இதைத்தானா மீன் வெட்டும்போது கேட்டுட்டிருந்த? பாட்டுன்னு நெனச்சு தினமும் திட்டித் தீத்தேனே!"

"திட்டினது காதுல விழல, அப்பா."

பிரின்சிபால் சிரித்துவிட்டார். ட்ரூடெல் சிரிக்கவில்லை. "எல்லாத்தையும் இப்படித்தான் கேட்டியா?"

"ஆமா சார். எழுத்து எனக்கு நிக்காது. அதுக்காகக் குறைச்சலா செஞ்சேன்னு நெனக்காதீங்க."

"இதை எத்தனை தடவை கேட்ட?"

"ஏழெட்டு தடவை இருக்கும். அந்த வாரம் மீன் நிறைய வந்துச்சு."

ட்ரூடெல் கட்டுரையை எடுத்துச் சுருள் மடிப்பைக் கையால் நீவினார். சுருட்டியவரே நீவினார். "நான் இந்தப் பாடத்தை நடத்துற இத்தனை வருஷத்துல எந்தக் கட்டுரையையும் ரெண்டு தடவைக்கு மேல படிச்சதில்ல" என்றார். பிறகு பிரின்சிபாலைப் பார்த்து, "பூஜ்யம் கிடையாது. நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். லிங்க்கை மட்டும் சரி பண்ணணும், இவ மட்டும் இல்ல, மொத்த வகுப்பும்."

வெளியே போகும்போது வெர்ன் என்னிடம், "அந்தப் பட்டனுக்குத் துட்டு உண்டா?" என்று கேட்டார். இல்லை, மாநிலம் கட்டிவிடுகிறது என்றேன். "அப்பாடா, வரி கட்டினதுக்கு ஒண்ணாவது கெடச்சுதே" என்றார்.

வீட்டுக்கு வந்து ஆர்விடிடம் சொல்லும்போதுதான் அழுதேன். ஏன் என்று தெரியவில்லை. அவன் கேட்கவும் இல்லை, காபி போட்டான்.

பிப்ரவரி 6, வியாழன்

பல்கலைக்கழகத்திலிருந்து ஐந்தாவது கட்டுரையின் அச்சுப் பிரதி வந்தது. சொல்லுக்குச் சொல் அதேதான். குறிப்பு எதுவும் எழுதாமல் ட்ரூடெல் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 19, புதன்

இன்று அந்த வகுப்பு வந்தது. இந்த முறை 'கேள்' பட்டனுக்கு ஒரு முழு வகுப்பு, மணி அடிக்கும்போது ஒரு வாக்கியம் இல்லை. ஹாக்கிப் பையன்கள் இரண்டு பேர் ஒன்றும் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு காதில் மாட்டிக்கொண்டார்கள். நானும் ஒன்றும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

எல்லாரும் போன பிறகு ட்ரூடெல் வாசலில் நின்றார். "அது என் போன்லயும் வருமா?"

"எதுக்கு?"

"வீடு தூரம். ரேடியோவுல ஒண்ணும் உருப்படியா இல்ல."

எப்படி என்று காட்டினேன். "கேக்குறது படிக்கிறது ஆகாதுன்னு…" என்று இழுத்தேன்.

"வாயை மூடும்மா, சிக்னி."

மார்ச் 11, செவ்வாய்

லெம்பி புது வார்த்தை சொன்னாள்! பனி ஒதுக்கும் வண்டியைப் பார்த்து "போ". எனக்கு இன்னும் எதுவும் இல்லை. பரவாயில்லை, வரும்.

மே 17, சனி

கடைசிப் பனித்திட்டும் கரைந்துவிட்டது. புகையில் சுட்ட வெள்ளைமீன் வாங்க லெம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு கோஸ்கி கடைக்குப் போனேன். வெளியிலேயே குரல் கேட்டது. ஏற்ற இறக்கம் இல்லாத, மூச்சுவிடாத அந்த ஆள். கூடவே வெர்ன் சண்டை போடும் சத்தம்.

"பொய்! நம்ம துறைமுகத்துல அந்த வருஷம் ஆறு படகு இருந்துச்சு. நாலாம்! யாரைக் கேட்டு எழுதினான் இவன்?"

"அப்பா, அவருக்குக் கேக்காது."

"கேக்கட்டும்!"

உப்புப் பொட்டலங்களுக்கு நடுவே அலமாரியில் ஒரு சின்ன ஒலிபெருக்கி. கீழே டெலானி கையுறையோடு மீனைச் செதில் நீக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஈரக் கையுறையாலேயே ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். பட்டமளிப்பு முடிந்து வீட்டில் வைக்கும் விருந்துக்கான அழைப்பு. அதில் பட்டமளிப்புத் தொப்பியோடு அவள் படம்.

"ஜூன் ஏழு, மிஸ். சாப்பாட்டுக்கு மீன்தான். வேற எதிர்பாக்காதீங்க."

"ட்ரூடெல் சாரைக் கூப்பிட்டியா?"

"அவரு நேத்தே வந்து வாங்கிட்டுப் போயிட்டாரு. ரெண்டு பவுண்டு மீனும், இந்தக் கட்டுரை பேரும்."

லெம்பி மீனைப் பார்த்து "பா" என்றாள். எல்லாருக்கும் பா, மீனுக்கும் பா. சரி என்றேன். பிறகு குரலின் பக்கம் திரும்பி, கொஞ்ச நேரத்தில் என் கழுத்தில் மூச்சு சூடாக இறங்கத் தூங்கிப்போனாள்.

மீனை வாங்கிக்கொண்டபின் கிளம்பியிருக்கலாம். கட்டுரை முடியும்வரை நின்றேன். நகர்ந்தால் குழந்தை விழித்துவிடும் என்பது ஒரு காரணம். டெலானியின் காதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. கத்தி மீனின் மேல் போய்வந்துகொண்டிருந்தது. குரல் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருக்கும்போதே அவள் அதை வாய்விட்டு முடித்தாள்.